விங்கோ பாலிச், 1966 –

காலை ஏழேகாலுக்குப் பிரெஸ்திக் ஊரின் தலைக்கு மேல் சைரன் அலறியது.

விங்கோ பாலிச் காபிக் கோப்பையை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. அடுத்த கணம் சமையலறை மேசைக்கு அடியில், தலையைக் கைகளால் பொத்திக்கொண்டு கிடந்தார். அவருடைய செயற்கைக் கால் இன்னும் மாட்டப்படாமல் கதவோரம் சாய்ந்து நின்றது. அந்த வீட்டில் பதறாமல் நின்றது அது ஒன்றுதான்.

சரியாக ஒரு நிமிடம் அலறிவிட்டுச் சைரன் ஓய்ந்தது. மனைவி ரூஷா குனிந்து பார்த்தாள்.

"வெளிய வாங்க. டாங்கி ஒண்ணும் வரல. சங்கத்துக்காரங்க ஒத்திகை பாக்கறாங்க."

விங்கோ வெளியே வர மேலும் பத்து நிமிடம் ஆயிற்று. ரூஷா அதற்குள் சிந்திய காபியைத் துடைத்து, வேறு காபி போட்டுவிட்டாள். அக்டோபரில் அவள் எப்போதும் இரண்டு பேருக்கு மூன்று கோப்பை போடுவாள்.

சங்கம் என்றால் பிரெஸ்திக்கில் ஒன்றுதான்: தியாகிகள் நினைவு மற்றும் காயமுற்றோர் நலச் சங்கம். போர் முடிந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டாலும் நினைவு நாளில் பழைய உணர்வு வர வேண்டும் என்று இந்த ஆண்டு புது சைரன் வாங்கியிருந்தார்கள். ரொட்டிக் கடை வாசலில் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள். சைரன் சத்தத்தால் மனம் பாதிக்கப்படும் முன்னாள் வீரர்கள் காதடைப்பான் கோரி ஒரு நாள் முன்னதாக விண்ணப்பிக்கலாம். சோதனை நடக்கும் நாள், நிகழ்ச்சியின் உண்மைத்தன்மை கருதி, ரகசியமாக வைக்கப்படும்.

அன்றே தபாலும் வந்தது. வழக்கம்போல இரண்டு உறைகள். ஒன்று, 'காயமுற்ற வீரர் விங்கோ பாலிச் அவர்களுக்கு'. விழாவின்போது புகைப்படக்காரர்களுக்கு மறைக்காமல் பின்வரிசையில் அமரும்படி வேண்டிக்கொண்டது. மற்றது, 'மறைந்த மாவீரர் விங்கோ பாலிச் அவர்களின் குடும்பத்தாருக்கு'. கறுப்பு உடையில் முன்வரிசைக்கு வந்து ஒரு மலர்வளையத்தைப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. அந்த மலர்வளையங்கள் வருடத்துக்கு ஒன்றாகக் கொட்டகையில் சேர்ந்திருந்தன. முதல் சில வருடங்களுக்கு உண்மையான பூக்கள் கொடுத்தார்கள், ஆடு தின்றது. பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், ஆடு அதற்கும் பழகிக்கொண்டது.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் கல்தச்சர் லோவ்ரோவின் முன்யோசனை. எங்கள் பக்கத்தில் புருஷன் செத்தால் கல்லறைக் கல்லில் பெண்டாட்டியின் பெயரையும் சேர்த்தே செதுக்கிவிடுவார்கள். பிறந்த வருடம், பக்கத்தில் ஒரு கோடு, அதற்குப் பிறகு காலி இடம். அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து தன் பெயரையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போவாள். யாருக்கும் அதில் வருத்தமில்லை. தொண்ணூற்றிரண்டில் அவசரமாக நினைவிடம் எழுப்பியபோது விங்கோ தலைநகரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தார். தேற மாட்டார் என்று ஊரில் பேச்சு. லோவ்ரோவும் ஒரே வேலையாக முடியட்டும் என்று, பன்னிரண்டு கற்களில் ஏழாவது கல்லில் 'விங்கோ பாலிச், 1966 –' என்று செதுக்கி, கோட்டுக்குப் பிறகு நான்கு எண்களுக்கு இடம் விட்டு வைத்தார்.

விங்கோ பிழைத்துவிட்டார். கல்லும் அப்படியே இருந்துவிட்டது. மதுக்கடையில் பார்க்கும்போதெல்லாம் லோவ்ரோ அவருடைய உடம்பைப் பற்றித் தொழில்முறை அக்கறையோடு விசாரிப்பார்.

இதையெல்லாம் விங்கோ சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பார், கத்தா மட்டும் இல்லாதிருந்தால்.

கத்தா மாட்டிச், ஜூரோவின் அக்கா. தொண்ணூற்றொன்று அக்டோபரில் காய்ந்த சோளக்காட்டுக்குள் விங்கோவின் இடது கால் போனபோது, அவரைத் தன் முதுகில் போட்டுக்கொண்டு செங்கல் சூளை வரைக்கும் சுமந்து வந்தவன் ஜூரோ. இருபத்திநான்கு வயது. சூளைச் சுவரோரம் இறக்கி வைத்து, தொடையில் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, 'இதோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு மறுபடியும் சோளத்துக்குள் போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனைப் பற்றி ஊர் என்ன பேசுமோ அதைப் பேசியது. ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டான் என்றார்கள். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் கார் தொழிற்சாலை வாசலில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவனுக்குக் குழந்தைகள் எத்தனை என்று இன்னொருவர் சொன்னார்.

நினைவிடத்தில் ஜூரோவுக்குக் கல் இல்லை. வருடா வருடம் கத்தா சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், விங்கோவின் பெயருக்குக் கீழே ஏற்றிவிட்டுப் போவாள். விங்கோ தள்ளி நின்று, தன் பெயரின் அடியில் எரியும் அந்தச் சுடரை அது அணையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் கத்தா வீட்டை விற்றுவிட்டாள். மகன் ஜெர்மனியில் இருக்கிறான், அவனோடு போய் இருக்கப் போகிறாள். நினைவு நாளன்று மாலை ஐந்து மணிக்குப் பேருந்து. ரொட்டிக் கடையில் ஒருத்தி, 'தம்பி வீட்டுக்கா, மகன் வீட்டுக்கா?' என்று கேட்டுவிட்டாள். கத்தா ரொட்டியை வாங்காமலே திரும்பி வந்து விங்கோவின் வாசலில் நின்றாள்.

"நான் போயிட்டா இவங்க பேச்சு நெசமாயிடும் தம்பி. அக்காளும் தம்பிகிட்டயே போய்ச் சேந்துட்டான்னுதான் சொல்லுவாங்க. போறதுக்கு முன்னாடி அவன் பேரை ஒரு தடவை கல்லுல பாத்துட்டுப் போகணும்."

விங்கோ செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு சங்கத்துக்குக் கிளம்பினார்.

சங்க அலுவலகம் நகராட்சிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. காலிழந்தோர் நலனுக்கு ஏற வேண்டிய படிகள் முப்பத்தொன்பது. இந்தக் குறை சங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு சாய்தளம் ஒன்று கட்டி, மாவட்டத் தலைநகரிலிருந்து அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். அந்தச் சாய்தளம் கட்டிடத்தின் பக்கவாட்டில் கம்பீரமாக வளைந்து ஏறி, ஒரு வெற்றுச் சுவரில் போய் முட்டி நிற்கும். அங்கே கதவு வைப்பதாகத்தான் திட்டம். ஆனால் சுவரின் உள்பக்கம் சங்கத்தின் புகைப்படக் கண்காட்சி இருந்ததால் இடிக்க முடியவில்லை. கண்காட்சியின் நடுநாயகமான படம், சாய்தளத் திறப்பு விழா.

எழுத்தர் மிர்யானா நல்ல பெண். மூச்சு வாங்க வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எந்தப் பிரிவு என்று கேட்டாள். இடது பக்க பீரோ காயமுற்றோர், வலது பக்க பீரோ நினைவு. விங்கோவின் கோப்பு இரண்டிலும் இருந்தது. தன் பெயரைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜூரோ மாட்டிச் என்று செதுக்க வேண்டும் என்று விங்கோ சொன்னார். மிர்யானா விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். கல்லில் இருப்பவரைப் பற்றிய விண்ணப்பத்தைக் கல்லில் இருப்பவர் கொடுக்க இயலாது. நெருங்கிய உறவினர்தான் தர வேண்டும்.

எனவே மறுநாள் ரூஷா முப்பத்தொன்பது படி ஏறினாள். படிவத்தில் 'விதவையின் கையொப்பம்' என்று இருந்த இடத்தை மிர்யானா வெட்கத்தோடு விரலால் காட்டினாள். ரூஷா பேனாவை வாங்கிக்கொண்டு, "இத்தனை வருஷமா யாருக்கு சமைச்சுப் போட்டேன்னு எழுதறதுக்கும் இடம் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து, அங்கே காத்திருந்த கணவரின் கையை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

விண்ணப்பம் அதே வாரம் நிர்வாகக் குழுவுக்குப் போனது. குழுவில் ஏழு பேர். இருவர் போரைப் பார்த்தவர்கள், மற்ற ஐவர் போரைப் பற்றிய கூட்டங்களைப் பார்த்தவர்கள். தலைவர் போஜிதார், போர்க்காலத்தில் பிரெஸ்திக் படைப்பிரிவுக்குத் தளபதியாக இருந்தவர். எந்த மேடையில் பேசினாலும் 'அந்தச் சோளக்காட்டை விட்டுக் கடைசியாக வெளியே வந்தவன் நான்' என்று முடிப்பார். பள்ளிப் பாடத்திலும் அந்த வாக்கியம் இருந்தது. விங்கோவை விட எட்டு வயது மூத்தவர். வெள்ளை மீசையும் கனத்த குரலும் கொண்டவர்.

விங்கோ உட்கார்ந்ததும் அவர் எழுந்தார்.

"காயமுற்றோருக்குச் சங்கம் என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன், சங்கத்துக்குக் காயமுற்றோர் என்ன செய்தார்கள்? போன ஆண்டு ஒத்திகைக்கு வந்தவர்கள் மூன்று பேர். படி அதிகம், கால் வலி, தூக்கம் வரவில்லை என்று மனு மேல் மனு. நமது தியாகிகளைப் பாருங்கள். பன்னிரண்டு பேர். ஒருவராவது படியைப் பற்றிக் குறை சொன்னதுண்டா? ஒருவராவது நேரம் தவறியதுண்டா?"

குழு கைதட்டியது. தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு எண்ணுக்கு வந்தார். பள்ளிப் பாடத்தில் பன்னிரண்டு. பூங்காவில் அவர்கள் நினைவாக நட்ட லிண்டன் மரங்கள் பன்னிரண்டு. கூட்டுறவு ஒயின் புட்டியின் முகப்பில் பன்னிரண்டு நட்சத்திரம். ஒருவரை எடுத்தால் பதினொன்று, அது கால்பந்து அணி. ஒருவரைச் சேர்த்தால் பதிமூன்று, அது அபசகுனம்.

விங்கோ பணிவாகச் சொன்னார்: "ஒண்ண எடுத்துட்டு ஒண்ணப் போட்டா பன்னிரண்டுதான் வரும் தலைவரே."

பொருளாளர் மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் வந்தது. இப்படி ஒரு வாய்ப்பு எந்தக் கூட்டத்திலும் எழுந்ததில்லை என்பதால் கால் மணி நேரம் இடைவேளை விட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு செயலாளர் வேறு வழியில் வந்தார். ஜூரோவைக் கடைசியாகப் பார்த்தது விங்கோதானே? ஆமாம். அப்போது அவன் எப்படி இருந்தான்? நடந்து போனான் என்றார் விங்கோ. உயிரோடுதானே? உயிரோடுதான். செயலாளர் திருப்தியோடு பதிவேட்டில் எழுதிக்கொண்டார்: கடைசி சாட்சியின் வாக்குமூலப்படி ஜூரோ மாட்டிச் உயிருடன் உள்ளார்.

பிறகு அடையாளப் படிவம். முகத்தை விவரிக்கவும் என்று இருந்தது. விங்கோ பேனாவை எடுத்தார். ஜூரோவின் முகம் அவருக்கு மறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பிடரி மறக்கவில்லை. வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம், நனைந்த கம்பளிச் சட்டையின் வாசனை, ஒவ்வொரு அடிக்கும் தன் மார்பில் வந்து இடித்த தோள் எலும்பு. இருபுறமும் சோளத்தாள்கள் காகிதம் கிழிவது போலச் சரசரத்துக்கொண்டே இருந்தன. இன்றும் அக்டோபரில் காற்று எழும்பினால் அந்தச் சத்தம் படுக்கையறைக்குள் வரும். சுற்று வட்டாரத்தில் சோளம் விதைக்காத ஒரே தோட்டம் அவருடையதுதான்.

'பிடரி மட்டும் தெரியும்' என்று எழுதிக் கொடுத்தார். பிடரிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று திருப்பித் தந்தார்கள்.

தீர்மானம் அன்றே தட்டச்சாகி வந்தது. 'திரு. விங்கோ பாலிச் உயிருடன் இருப்பதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. அவர் கல்லில் இருப்பதிலும் ஆட்சேபணை இல்லை. அந்த நபர் தொடர்பான கோரிக்கை, அந்த நபர் நேரில் வந்து தன் மரணத்தை உறுதி செய்யும்வரை ஒத்திவைக்கப்படுகிறது.' தலைவர் கையெழுத்திட்டிருந்தார். கூட்டம் முழுக்க அவர் ஜூரோ என்ற பெயரைச் சொல்லவே இல்லை, எப்போதும் 'அந்த நபர்'தான்.

தீர்மானத்தை விங்கோ கத்தாவிடம் படித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, மேலும் இரண்டு பாத்திரங்களைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"விடு தம்பி. வழக்கம்போல உன் பேருக்குக் கீழயே வெச்சுட்டுப் போறேன்."

நினைவு நாள் வந்தது. காலையிலிருந்தே பூங்காவில் ராணுவக் கொப்பரையில் பீன்ஸ் கொதித்தது. பள்ளிக்கூட பேண்டு, மாவட்ட அதிகாரியின் கறுப்புக் கார், கூட்டுறவு ஒயின் கடை எல்லாம் தயார். விங்கோ கறுப்புக் கோட்டு அணிந்து, மறைந்தவர் குடும்பம் என்ற முறையில் முன்வரிசையில், ரூஷாவுக்கும் கத்தாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். பின்வரிசையில் காயமுற்றோர் பகுதியில் அவர் பெயர் ஒட்டிய நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. வரவில்லை என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

சைரன் அலறியது. பின்வரிசையில் நான்கைந்து பேர் நாற்காலிகளுக்கு அடியில் போய்விட்டார்கள். அது நிகழ்ச்சி நிரலில் இருப்பதாக நினைத்துப் புகைப்படக்காரர்கள் ஓடினார்கள்.

பிறகு பெயர் வாசிப்பு. பிரெஸ்திக்கின் வழக்கப்படி, காலை அணிவகுப்பில் கூப்பிடுவது போலத் தளபதிதான் பெயர்களைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் மூன்று மூச்சு நேரம் அமைதி, பதில் வராது என்று உறுதியான பிறகு ஒரு முரசொலி. போஜிதார் மேடையேறிக் கூப்பிட்டார். முதல் பெயர், அமைதி, முரசு. இரண்டாவது பெயர், அமைதி, முரசு. விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கத்தாவின் விளக்கு மட்டும் ஏற்றாமல் அவள் மடியிலேயே இருந்தது.

"விங்கோ பாலிச்."

அமைதி. ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சில் விங்கோ நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார்.

"இங்க இருக்கேன்," என்றார். "என்னைத் தூக்கிட்டு வந்தவன் இல்ல. இந்தக் கல்லு அவனோடது. ஜூரோ மாட்டிச்னு கூப்பிடுங்க."

முரசுக்காரன் கோலை ஓங்கியபடி நின்றுவிட்டான். பிறகு யாரோ கைதட்டினார்கள். அப்புறம் பூங்கா முழுவதும் தட்டியது. மாவட்ட அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த செயலாளரிடம், எத்தனையோ ஊரில் எத்தனையோ நினைவு நாள் பார்த்திருக்கிறேன், இப்படி உருக்கமான ஒரு காட்சியை யாரும் அமைத்ததில்லை என்று பாராட்டினார். அடுத்த வருடம் பன்னிரண்டு பேரும் இதே மாதிரி எழுந்து பதில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள் என்றார். செயலாளர் அதையும் குறித்துக்கொண்டார். பேண்டு வாசிக்கத் தொடங்கியது.

மேடையில் போஜிதார் மட்டும் கைதட்டவில்லை. கையிலிருந்த தாளில் எட்டாவது பெயரைத் தேடி எடுத்து வாசித்தார். அந்தக் கனத்த குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. பன்னிரண்டாவது பெயர் முடிந்ததும் அவர் உரையாற்ற வேண்டும். 'அந்தச் சோளக்காட்டை விட்டு' என்று ஆரம்பித்தவர், அங்கேயே நின்று கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமும் அவரைப் பார்த்தது. மீதி வாக்கியம் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம் என்பதால் அவர்களே கோரஸாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். உணவு தயார் என்று செயலாளர் அறிவித்தார்.

எல்லோரும் பீன்ஸ் கொப்பரையைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். ரூஷா கத்தாவின் பெட்டியை எடுத்துவரப் போனாள். கற்களுக்கு நடுவே கத்தாவும் விங்கோவும் மட்டும் இருந்தார்கள். கத்தா ஏழாவது கல்லின் அடியில் மண்டியிட்டு விளக்கை வைத்தாள். காற்றில் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது குச்சிக்குக் காற்றை மறைத்துக் குவிந்த கைகள் விங்கோவுடையவை அல்ல.

போஜிதார் எப்போது வந்தார் என்று இருவரும் கவனிக்கவில்லை. முழங்காலில் உட்கார்ந்திருந்தார். விறைப்பான சங்கத் தொப்பி எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

கத்தா விளக்கை ஏற்றி முடித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அஞ்சு மணிக்கு எனக்கு பஸ். திரும்பி வரப்போறதில்ல. கல்லு வேணாம், பேரு வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு போதும். அவன் ஓடிப் போயிட்டான்னு நீயும் நம்பறியா?"

கொப்பரைப் பக்கமிருந்து தட்டுகளின் சத்தமும் சிரிப்பும் கேட்டன. யாரோ தலைவரைத் தேடிக் கூப்பிட்டார்கள், பீன்ஸ் ஆறிவிடும் என்று. போஜிதார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கல்லில் கோட்டுக்குப் பிறகு காலியாகக் கிடந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். விங்கோ அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேடையில் இத்தனை வருடம் பார்த்த மனிதர் இவர்தானா என்று சந்தேகம் வந்தது.

பிறகு போஜிதார் கத்தாவிடம் சொன்னார்: "அவன் என்னைத் தேடித்தான்க்கா திரும்ப உள்ள வந்தான், போஜோ, போஜோன்னு கூப்பிட்டுக்கிட்டே வரிசை வரிசையாப் போனான், நான் பத்தடி தள்ளி வாய்க்கால்ல படுத்துக்கிட்டு வாயத் தொறக்கல."